ஓதக்காலத்துப் பிள்ளை வளர்ப்பு: தோட்டப்புற ஊருக்குப் புதிதாகக் குடிவருவோருக்கு

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதமும் மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் சிறுபிள்ளை உள்ள வீட்டுக்கு வேலை இரட்டிப்பாகும். துணி காயாது. சுவரில் ஓதம் ஏறும். பிள்ளைக்கு மூக்கு ஒழுகும், கொசு பெருகும், நடுவில் தீபாவளியும் வரும். பட்டணத்து அடுக்குமாடியிலிருந்தோ வெளியூரிலிருந்தோ வந்து, தோட்டத்தை ஒட்டிய தாமான் என்ற குடியிருப்பிலோ, லயம் என்ற பழைய தொழிலாளர் வரிசை வீட்டிலோ முதல் மழைக்காலத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் வானத்தின் போக்கு தெரியவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பரோடு ஓய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில்தான் பிடிக்கிறது. இடைப்பட்ட வாரங்களில் மேற்குக் கரையில் மழை அதிகம். காலையில் நல்ல வெயில் அடிக்கும், உச்சியில் புழுங்கும், 2 மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து, 3 அல்லது 4 மணிக்கு இடியோடு கொட்டும். டிசம்பரில் மழையின் பாரம் கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர் பக்கம் நகர்ந்துவிடும். ஆகவே பேராக், சிலாங்கூர்க்காரர்களுக்கு ஐப்பசி கஷ்டமான மாதம். குளுவாங், சிகாமட் பக்கத்தாருக்கு மார்கழி. தானா ராத்தா, ரிங்லெட் போன்ற மலையூர்களை விட்டுவிட்டால், இரவு வெப்பம் பெரும்பாலும் 23 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "குளிர் புடிச்சுக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பியும் காலுறையும் மாட்டி, ஜன்னலையெல்லாம் அடைத்துவிடுவார்கள். 23 டிகிரி பிள்ளையைப் படுக்கையில் தள்ளுகிற குளிர் இல்லை. அடைத்த அறையில் ஒருவர் இருமினால் எல்லோருக்கும் ஒட்டும். அதே அறையில் ஈரத்துணியும் தொங்கினால் சுவர் மூலையில் பூஞ்சணம் பிடித்து, இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சு முட்டும். தொப்பிக்குள் வேர்த்து வேர்க்குரு வரும். இந்தக் காலத்தில் கவனம் முழுவதும் ஓதத்தின் மேலும் தேங்கிய தண்ணீரின் மேலும் இருக்கட்டும். இரவுக்கு ஒரு பருத்திச் சட்டை, ஒரு மெல்லிய சிலுவார் (கால்சட்டை) போதும். காற்றாடி ஓடினால் மேலே இன்னொரு மெல்லிய துணி. பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று பார்க்கக் கையைத் தொடாதீர்கள். கைப்பிள்ளையின் கை எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். பிடரி வெதுவெதுப்பாக, வேர்வை இல்லாமல் இருந்தால் உடை சரி.

மழைக்கு முந்திய பொழுது

நாளை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்: மழைக்கு முன், மழைக்குப் பின். வெயிலும் உலர்ந்த தரையும் தேவைப்படுகிற வேலை எல்லாம் மதியம் 1 மணிக்குள் முடியவேண்டும். துவைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, கிளினிக்குக்குப் போவது, திடலில் விளையாட விடுவது ஆகிய நான்கும் காலை வேலை. மழைக்குப் பின் சமையல், தூக்கம், உள்விளையாட்டு.

தோட்ட வேலைக்குப் போகிற வீட்டில் இருட்டோடு பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) கிளம்பவேண்டியிருக்கும். பிள்ளை பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ போகும். ஒப்படைக்கும்போது நான்கு விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பிள்ளையின் எடை, கடைசியாக மருந்து கொடுத்த நேரம், எந்த மருந்து எத்தனை மில்லி, ஆகாத பொருள்கள். வாயால் சொன்னது மறந்துபோகும். அம்மா 5 மணிக்குக் கொடுத்த காய்ச்சல் மருந்தைப் பாட்டி 7 மணிக்கு மறுபடி கொடுப்பது இப்படித்தான் நடக்கிறது.

இடி கேட்டவுடன் பிள்ளைகளைத் திடலிலிருந்து வீட்டுக்குள் கூட்டிவாருங்கள். மழை இன்னும் பெய்யவில்லையே என்று காத்திருக்கவேண்டாம். மழைத் தூறலுக்கு முன்னாலும் மின்னல் விழும். ஒற்றை மரத்தடியும் செம்பனை வரிசையும் ஒதுங்கும் இடமல்ல. கடைசி இடிச் சத்தத்துக்குப் பின் 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே.

துணி

சிறுபிள்ளை வீட்டில் மழைக்காலத்தின் பாதிப் போராட்டம் கொடியில்தான். பிள்ளைத்துணியை முதல் நாள் இரவே பிரித்து வையுங்கள்; ஊறப்போட வேண்டாம். ஓத நாளில் இரவு முழுக்க ஊறிய துணி காலையில் வாடை பிடித்திருக்கும். விடிந்ததும், 7 மணிக்குள் இயந்திரத்தில் போடுங்கள். பவுடரைப் பாதியாகக் குறைத்து அலசலை ஒரு தடவை கூட்டுங்கள். துணியில் தங்கும் சோப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிள்ளையின் தொடை இடுக்கில் தடிப்பும் அதனால் வரும். முடிந்ததும் பிழிவதை மட்டும் இன்னொரு முறை ஓடவிடுங்கள். இரண்டாவது பிழிதலுக்கு சில நிமிடம்தான் ஆகும், காய்கிற நேரத்தில் ஒன்றிரண்டு மணி மிச்சமாகும்.

கொடியில் துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சிலுவாரை இடுப்புப் பக்கம் விரித்துத் தொங்கவிடுங்கள்; மடிப்பும் பட்டியும்தான் கடைசியில் காயும். 1 மணிக்குத் தொட்டுப் பாருங்கள். காய்ந்தது அலமாரிக்குப் போகட்டும். காயாததை உள்ளே கொண்டுவந்து, படுக்கையறையில் போடாமல், முன்னறையில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து, நின்றுசுழலும் காற்றாடியைக் கீழிருந்து மேலாகத் திருப்பி விடுங்கள். ஜன்னலை அடைத்துவிட்டுக் காற்றாடி போட்டால் ஈரம் அறைக்குள்ளேயே சுற்றும். மறுநாள் சுவர் வியர்க்கும்.

துணியை மூக்கருகில் வைத்தால் முடை வாடை வருகிறதா? அது காயவில்லை என்று அர்த்தம். மடித்து வைக்காதீர்கள். இஸ்திரிப்பெட்டியால் பட்டியையும் மடிப்பையும் ஒரு முறை அழுத்தி, ஆறவிட்டு, பிறகு மடியுங்கள். சூட்டோடு மடித்தால் உள்ளே ஆவி தங்கும்.

மெத்தையை வாரம் ஒரு நாள், வெயில் உள்ள காலையில், சுவரிலிருந்து விலக்கி நிமிர்த்தி வையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். சுவரில் கரும்புள்ளி தெரிந்தால் பிள்ளையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, காற்றாடியால் காயவைக்கவேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் பூஞ்சணத் தூள் அறையெங்கும் பறக்கும். அதே இடத்தில் மறுபடி வந்தால் கூரைத் தகரமோ குழாயோ ஒழுகுகிறது. சாயம் பூசி மறைப்பது வீண், ஒழுக்கை அடைக்கவேண்டும்.

தேங்கிய தண்ணீர்

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நம் வீட்டுச் சுத்தமான தண்ணீரில்தான் இடுகிறது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், 10 நிமிடம் வீட்டைச் சுற்றி வந்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். ஞாயிறு காலை பசியாறிய கையோடு செய்வது எளிது.

எங்கெல்லாம் பார்ப்பது? சாமி மேடையின் செம்புத் தண்ணீர், துளசித் தொட்டியின் அடித்தட்டு, குளிர்பெட்டியின் பின்பக்கத் தட்டு, கூரை வாய்க்காலில் அடைத்த இலை, மூடியில்லாத பெயிண்டு வாளி, மோட்டாரின் பழைய டயர், வேலியோரம் கிடக்கும் போலிஸ்டிரீன் பெட்டி. ரப்பர் மரம் அருகில் இருந்தால் பால் மங்குகளையும் பாருங்கள். மழை நாளில் சீவாமல் விட்ட மரங்களில் மங்கு நிமிர்ந்தபடி இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு கொசுத் தொட்டி, கவிழ்த்து வைக்கவேண்டும். அன்னாசி, வாழை இலைக் கக்கத்திலும் தண்ணீர் நிற்கும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். கொட்டியபின் தேங்காய் நாரால் சுற்றித் தேய்க்கவேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுகிற படி இதுதான்.

குழாயில் அடிக்கடி தண்ணீர் வராமல் போகும் வீடுகளில் 200 லிட்டர் தோங் (பீப்பாய்) இருக்கும். அதைக் கொட்ட முடியாது. இறுக்கமாக மூடுங்கள். மூடி சரியில்லையென்றால் மெல்லிய வலைத்துணியை ரப்பர் பட்டையால் கட்டுங்கள். குளிக்கப் புழங்கும் தோங்குக்குக் கடையில் கிடைக்கும் ஜெந்திக் (கொசுப்புழு) மருந்து மணலைப் போடலாம்: 1 சதவீத மணல் என்றால் 10 லிட்டருக்கு 1 கிராம், 200 லிட்டருக்கு 20 கிராம். துணிப்பையில் கட்டி உள்ளே தொங்கவிட்டால் முகக்கும்போது அள்ளிக்கொண்டு வராது. பிள்ளை எட்டிப் பார்க்கும் உயரத்தில் திறந்த தோங் இருக்கக்கூடாது. ஒரு கை ஆழத் தண்ணீரிலும் கைப்பிள்ளை மூழ்கிவிடும்.

இந்தக் கொசு விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகம் கடிக்கிறது. தொட்டிலுக்கு வலை பகல் தூக்கத்துக்கும் வேண்டும். கொசுவத்திச் சுருளை அடைத்த அறையில், பிள்ளை தலைமாட்டில் வைக்காதீர்கள். மேலே பூசும் கொசு மருந்தைப் பிள்ளையின் கையில் பூசவேண்டாம். கை வாய்க்குப் போகும்.

காய்ச்சல் வந்தால்

முதலில் வெப்பமானி. உள்ளங்கை நம்பத்தக்கதல்ல. 38 டிகிரி, அதற்கு மேல் காய்ச்சல். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நள்ளிரவானாலும்.

பரசிட்டமோல் அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது. இங்கே மிகப் பெரிய தவறு போத்தலில் நடக்கிறது. நம் கடைகளில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. 10 கிலோ பிள்ளைக்கு 120 போத்தலில் 5 முதல் 6 மில்லி; 250 போத்தலில் 2.5 முதல் 3 மில்லி. பழைய போத்தல் 120, புதிதாக வாங்கியது 250, கை பழக்கத்தில் 6 மில்லி ஊற்றினால் இரட்டை மருந்து. போத்தலின் மேல் தடித்த பேனாவால் "பாப்பாவுக்கு இத்தனை மில்லி" என்று எழுதி ஒட்டுங்கள். சமையல் கரண்டி வேண்டாம், மருந்தோடு வரும் ஊசிக்குழாயைப் பயன்படுத்துங்கள். ஆசனவாய் மருந்து வைத்திருந்தால் அதுவும் பரசிட்டமோல்தான், கணக்கில் சேருங்கள்.

மழைக்காலத்தில் எந்தக் காய்ச்சலையும் டிங்கி இல்லை என்று தெளியும் வரை டிங்கியாகவே நினைத்து நடங்கள். ஐபுபுரோபனும் ஆஸ்பிரினும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டு நாள் தாண்டிய காய்ச்சலுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். குடிமக்களுக்குச் சீட்டு 1 வெள்ளி (ரிங்கிட்).

டிங்கியில் பெற்றோர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வரும். ஆபத்தான ஒன்றிரண்டு நாள் அப்போதுதான் தொடங்குகிறது. உடம்பு ஆறியபின் பிள்ளை துள்ளி விளையாடினால் குணம். உடம்பு ஆறியும் சோர்ந்து கிடந்தால், வயிறு வலிக்கிறது என்று அழுதால், வாந்தி நிற்காவிட்டால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், கைகால் சில்லிட்டால், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் அந்த நேரமே ஆஸ்பத்திரி. பெம்பஸ் (டயப்பர்) கட்டிய பிள்ளைக்குச் சிறுநீர்க் கணக்கு தெரியாமல் போகும். காய்ச்சல் நாளில் மாற்றிய நேரத்தைக் குறித்து வையுங்கள்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பாருங்கள். வாயில் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், கையில் இரும்புச் சாவி திணிப்பதில் பயன் இல்லை. 5 நிமிடம் தாண்டினால் 999. முதல் தடவை என்றால் சீக்கிரம் நின்றாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இருமலும் மூச்சும்

சளி, இருமல் ஆண்டுக் கடைசியில் வீட்டுக்கு வீடு வரும். பெரும்பாலும் தானே போய்விடும். எது போகாது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி மூச்சை எண்ணுவது. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு எழும்புவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ வந்தால் கிளினிக்குக்குக் கிளம்புங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தவறு வரும். சிறுபிள்ளையின் மூச்சு சீராக ஓடாது. விலாவுக்குக் கீழே குழி விழுந்து இழுத்தாலோ, உதடு நீலித்தாலோ, பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே போகவேண்டும்.

மூக்கடைப்புக்கு இரு துளி உப்புநீர்ச் சொட்டு, பிறகு உறிஞ்சிக் குழாய், பால் கொடுப்பதற்கு முன். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, நாக்கில் தடவும் அளவுகூட. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் குழந்தையின் குடலில் நஞ்சாகும்.

தைலம் பற்றி நிறையச் சொல்லவேண்டும். நம் வீடுகளில் கோடாலித் தைலம், வெள்ளைத் தைலம், பச்சைக் கற்பூரம் கலந்த எண்ணெய் எல்லாம் அலமாரியிலேயே இருக்கும். பாசத்தோடுதான் பூசுகிறார்கள். ஆனால் கற்பூரமும் புதினாச் சத்தும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூச்சுக்குழாயை இறுக்கலாம். மூக்கருகே பூசினால் மூச்சே தடைப்படலாம். கற்பூரத்தை விழுங்கினால் சிறு கட்டியே வலிப்பை உண்டாக்கும், அதுவும் சில நிமிடங்களில். பூசைத் தட்டின் கற்பூரம் மிட்டாய் மாதிரி இருக்கும். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சாமி மேடை இருந்தால் டப்பாவை மட்டுமாவது மேலே மாற்றுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையம் இப்படிப்பட்ட விஷயங்களுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லும்.

இன்னொன்று பாச்சை உருண்டை. ஓதத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பட்டுப்பாவாடைக்குள் போட்டு வைப்பார்கள். நாஃப்தலீன் உருண்டை ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறையுள்ள பிள்ளையின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். நம் நாட்டில் பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தக் குறை சோதிக்கப்படுகிறது. பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டி முடிவைப் பாருங்கள். ஆண்பிள்ளைகளுக்கு அதிகம். குறை இருந்தால் உருண்டையை வீட்டிலிருந்தே அகற்றவேண்டும், பாட்டி வீட்டு அலமாரியிலிருந்தும். தீபாவளிக்கு எடுக்கும் பழைய பட்டுத்துணியைத் துவைத்து வெயிலில் காயவைத்த பின்தான் உடுத்தவேண்டும். உருண்டை வாடை பட்ட ஓரிரு நாளில் பிள்ளை வெளுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் தாமதம் கூடாது.

தீபாவளி

எண்ணெய்க் குளியல் விடியற்காலை 4 மணிக்குச் செய்யவேண்டும் என்று பெரியவர்கள் நினைப்பார்கள். சிறுபிள்ளைக்கு விடிந்து வெளிச்சம் வந்தபின் போதும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். மாற்றி ஊற்றினால் பிள்ளை கையை விடுகிற நேரத்தில் வெந்துவிடும். முழங்கையை நனைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி தலைக்கு, இரண்டு உடம்புக்குப் போதும். மூக்கிலும் காதிலும் ஒரு துளியும் விடாதீர்கள். மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போன எண்ணெய் வெளியே வராது, நிமோனியாவாக மாறும். எண்ணெய் தடவிய பிள்ளை மீன் போல வழுக்கும். தரையில் துண்டு விரித்து, உட்கார்ந்த நிலையில் குளிப்பாட்டுங்கள். முடியைச் சாம்பிராணிப் புகையில் காட்டாமல் துண்டால் ஒற்றி உலர்த்துங்கள்.

சுடுநீர்க் கருவி வைத்த குளியலறையில் பண்டிகைக்கு முன் ஒரு சோதனை: மின்பெட்டியில் உள்ள கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் தானாகக் கீழே விழவேண்டும். விழாவிட்டால் மின்பணியாளர் வரும் வரை சுடுநீர்க் கருவியைப் போடாதீர்கள். மழையில் நனையும் இடத்தில் வண்ண விளக்குச் சரத்தின் இணைப்பைத் தரையில் விடாமல் உயரே கட்டுங்கள். சிரிம் (தரச் சான்று) முத்திரை இல்லாத சரத்தை வாங்கவேண்டாம்.

முறுக்கு, அச்சுமுறுக்கு, முழு முந்திரி, கச்சான் (வேர்க்கடலை) ஆகியவை நான்கு வயதுக்குள் வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைக்கும். விருந்தாளி வீட்டில் மேசை மேல் டப்பா திறந்திருக்கும். போகும் வழியிலேயே வீட்டார் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பிள்ளைக்கு வடை, நெய் உருண்டையைப் பிட்டுக் கொடுக்கலாம்.

கம்பி மத்தாப்பு விளையாட்டுப் பொருளாகத் தெரியும். அதன் நுனி 1000 டிகிரிக்கு மேல் எரிகிறது. ஐந்து வயதுக்குள் கையில் கொடுக்கவேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு காட்டுவதும் ஆகாது. பிள்ளை பருத்தித் துணியில், காலில் செருப்போடு, நான்கைந்து எட்டுத் தள்ளி நிற்கட்டும். நைலான் கலந்த பாவாடையில் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்து, எரிந்த கம்பியை உடனே அதில் போடுங்கள். இருட்டில் தரையில் கிடந்த கம்பியை மிதித்துத்தான் பல பிள்ளைகளுக்குக் கால் சுடுகிறது. சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து 20. பற்பசை, சோயா, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

வழியும் வெள்ளமும்

கப்சாயில் (சிறிய மோட்டார் சைக்கிளில்) பிள்ளையோடு மழையில் போகவேண்டாம் என்பதே எங்கள் முடிவு. காரில் என்றால் பிள்ளைக்குரிய இருக்கை 2020 ஜனவரி முதல் சட்டப்படி கட்டாயம். மோட்டாரைத் தவிர வழியில்லாத வீட்டார், ஓட்டுநர் அணியும் மழைக்கோட்டு மேலும் கீழுமாக இரண்டு துண்டாக இருக்கும்படி பார்க்கட்டும். பறக்கும் ஒற்றைப் போர்வைக் கோட்டு சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கும். பிள்ளையைக் கோட்டுக்குள் மூடி வைத்தால் மூச்சு விட இடம் இருக்காது. வலுத்தால் பெட்ரோல் நிலையக் கூரையில் நில்லுங்கள், பாலத்தடியில் சாலையோரம் நிற்காதீர்கள்.

ஆற்றோரம் அல்லது தாழ்வான லயத்தில் இருந்தால் ஒரு பையை ஐப்பசியிலேயே கட்டி வையுங்கள்: பிறப்புப் பத்திரமும் சுகாதாரப் புத்தகமும் பிளாஸ்டிக் உறையில், இரண்டு நாள் பெம்பஸ், பால்மாவு, சுடுநீர்ப் போத்தல், காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்கான உப்பு, சர்க்கரைக் கலவை) பொட்டலம் நான்கு. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இன்ஃபோ பஞ்சிர் (வெள்ளத் தகவல்) தளத்தில் உங்கள் ஆற்றின் நீர்மட்டம் தெரியும்.

வெள்ளத் தண்ணீரிலும் லோங்கான் (சாக்கடை வாய்க்கால்) ஓரத்திலும் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் சிறு கீறல் வழியாகவும் நோயைக் கொண்டுவரும். இறங்கிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் "வெள்ளத்தில் இறங்கினான்" என்று மருத்துவரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்தபின் வாசற்படிச் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டே போடவேண்டும். பூரானும் தேளும் பாம்புக்குட்டியும் காய்ந்த இடம் தேடி வரும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் எழுதிய அளவில் (இங்கே பெரும்பாலும் 250 மில்லி) கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலமாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலம், பாலில் கலப்பது, இனிப்பு சேர்ப்பது மூன்றும் தவறு. தண்ணீராகப் போகும் ஒவ்வொரு தடவைக்கும் கிலோவுக்கு 10 மில்லி, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக.

பாலர் பள்ளியில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவினால் கைத்துடைப்புத் திரவத்தை நம்பாதீர்கள். சாராயக் கலவை அந்தக் கிருமியைச் சரியாகக் கொல்வதில்லை. சோப்பும் தண்ணீரும்தான். பொம்மைகளை 1 லிட்டர் தண்ணீரில் 20 மில்லி குளோரொக்ஸ் (வெளுப்புத் திரவம்) கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, அலசி, காயவிடுங்கள். கொப்புளம் காயும் வரை பிள்ளை வீட்டில்.

கார்த்திகை, மார்கழி

டிசம்பரில் விடுமுறைக்கு ஊர் போவதற்கு முன் தடுப்பூசித் தேதியைப் பாருங்கள். 9 மாதத்திலும் 12 மாதத்திலும் தட்டம்மைத் தடுப்பூசி, 15 மாதத்தில் நிமோகாக்கல் ஊசியின் மூன்றாவது தவணை, 18 மாதத்தில் ஆறு நோய்க்கான ஊசியின் கடைசித் தவணை. ஊரில் இல்லாத வாரத்தில் விழுந்தால் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ளலாம். லேசான மூக்கொழுகலுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. காய்ச்சல் ஊசி எனப்படும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசியை 6 மாதத்துக்கு மேல் போடலாம். முதல் ஆண்டில் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை.

கார்த்திகை தீபத்தன்று அகலைத் தரையில் வைக்காமல் மதில் மேலும் ஜன்னல் திட்டிலும் வையுங்கள். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் வாசற்படி அகலுக்கு ஒருவர் கூடவே நிற்கவேண்டும்.

மார்கழிக் காலையில் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோக விரும்பினால் தூக்கத்திலிருந்து எழுப்பாமல், தானாக எழுந்த நாளில் மட்டும் கூட்டிப்போங்கள். நீளக்கைச் சட்டையும் சிலுவாரும் போடுங்கள். அது குளிருக்கு இல்லை, விடியற்காலைக் கொசுவுக்கு. தேங்காய் உடைத்த ஈரத் தரையில் நடக்கவிடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். பிரசாதப் பொங்கலை வாங்கிய சூட்டோடு ஊட்டாமல், உள்ளங்கையில் பிசைந்து ஆறவிட்டு, மிளகையும் முந்திரியையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.